மாணவர் ஒழுங்கும் பெற்றோராகிய நாமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய் இருக்கும் எம்மைக் கல்வி பற்றிப் பேச அழைத்தது சங்கத்தாரின் பெருந்தன்மை. தகப்பன் என்ற உரிமை ஒன்றைக் கொண்டே பேசத் துணிகிறோம்.

"இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அடக்கம் இல்லை" என்று நம் குவார்ட்டர்ஸ் வாசல்களில் பேசாத மாலை இல்லை. கைப்பேசியைப் பழிக்கிறோம், ஆசிரியரைப் பழிக்கிறோம், பிரம்பு போயிற்று, பயமும் போயிற்று என்கிறோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. அச்சட்டம் 14 வயது வரைக்குந்தானே, ஒன்பதாம் வகுப்பானால் அடிக்கலாம் அன்றோ என்று நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார்! பதினான்கில் தகாத அடி பதினைந்தில் எவ்வாறு தகும்?

சென்ற ஆண்டு நம்மிடையே நிகழ்ந்த ஒன்றைத் தந்தையாரின் ஒப்புதலோடு சொல்கிறோம். பெயர் வேண்டா. தந்தையின் மாற்றலால் எட்டாம் வகுப்பின் நடுவில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பையன் அவன். அங்கே 1968 முதல் இருமொழிக் கொள்கை. ஆதலால் இந்தி எழுத்தும் அறியாமல் வந்தான். நம் மொழியில் உயிரற்றவை யாவும் அஃறிணை. இந்தியிலோ வீடு ஆண்பால், வண்டி பெண்பால்! அவன் வாய் திறந்தபோதெல்லாம் வகுப்பு சிரித்தது. ஓராண்டு பொறுத்தான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், சிரித்தவன் ஒருவனைக் கை நீட்டி அடித்துவிட்டான். உதடு கிழிந்தது.

பள்ளி அவனை மூன்று நாள் விலக்கி வைத்துத் தந்தையை அழைத்து வரச் சொல்லிற்று. வீட்டிலோ அவன் வாய் திறக்கவில்லை. புத்தகப் பையுடன் புறப்பட்டு, நடைமேடையின் கோடியில் பொழுது போக்கினான். மூன்றாம் நாள் நம்மவர் ஒருவர் கண்டு சொன்னார். இரவுப் பணி முடிந்து கண்ணெரிச்சலோடு வந்த தந்தையார் இடுப்பு வாரைக் கழற்றினார். கூடி நின்ற நாம் என்ன செய்தோம்? "நாலு போடுங்கள், புத்தி வரும்" என்றோம். எம் வாயும் அதையே சொல்லிற்று. பையன் அழவில்லை. எங்களை ஒவ்வொருவராக ஏறிட்டுப் பார்த்தான். அந்தப் பார்வை இன்றும் எம்மை விட்டு அகலவில்லை.

தம் இந்தி போதாதென்று தந்தையார் பள்ளிக்குச் செல்லத் தயங்கினார். மறுநாள் நாங்கள் மூவர் உடன் சென்றோம். வகுப்பாசிரியர் கடிந்துகொள்ளவில்லை, "இவன் தந்தையை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். ஓராண்டுக் காலச் சிரிப்பு அவர் காதுக்கு எட்டவே இல்லை. எட்டும்படி நம்மில் யார் சொன்னோம்? பையன் அடிபட்டவனிடம் மன்னிப்புக் கேட்டான். ஆசிரியர் வகுப்பாரையும் கண்டித்து, அவனைக் கபடி அணியில் சேர்த்தார். அவனுக்குப் பால் மயக்கம் இன்னும் தீரவில்லை. கைகலப்பு மட்டும் இல்லை.

இது புதிய வழி அன்று. 1952-இல் இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். 1953-இல் வந்த அறிக்கை, ஒழுங்கு வளர ஆசிரியரும் மாணவரும் நேரில் நெருங்கிப் பழக வேண்டும் என்றது. மாணவர் மன்றமே நடத்தை விதிகளை வகுத்துக் காக்கலாம் என்றது. குழு விளையாட்டுகளையும் வற்புறுத்திற்று. தாமே வகுத்த விதியை மீற எவனுக்கும் கை கூசும். ஒற்றைத் தடத்தில் டோக்கன் முறை நடந்த காலத்தை நம்மில் மூத்தோர் அறிவர். டோக்கன் கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தமாட்டார். பக்கத்தில் எவரும் பிரம்போடு நின்றதில்லை. எதிரே வண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை அவர் அறிவார்.

பெற்றோர் கூட்ட நாளில் இரவுப் பணி என்பதும் மொழி வராது என்பதும் நமக்கு உண்மையான இடர்களே. ஆகவே செயலாளரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். இந்தி நன்கு பேசுவோர், தம் பணி நேரத்தோடு பெயரை அதில் எழுதுங்கள். துணை வேண்டுவோர் அடுத்த பக்கத்தில் எழுதலாம். அப்பக்கத்தின் முதற்பெயர் அந்தத் தந்தையாருடையது. எதிர்ப்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.