நூறு மைல் குதிரைப் பந்தயம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழாவில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, "பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்த நான் எதைப் பேசுவது?" என்று கேட்டேன். "தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று இரயில்வே, மற்றொன்று குதிரை. இரயில்வேயைப் பற்றி இந்த அவையில் பாதிப்பேருக்கு என்னைக் காட்டிலும் நன்றாகத் தெரியும். ஆதலால் குதிரையை எடுத்துக்கொண்டேன்.

நான் குதிரையேற்றம் பயின்றவன் அல்லேன். பழனியில் ஜட்கா ஓட்டியவரின் மகன். அந்த உறவினால், குதிரை என்று எங்கு எழுதியிருந்தாலும் என் கண் அங்கே நின்றுவிடும். அப்படிப் படித்தறிந்ததுதான் அமெரிக்க நாட்டில், கலிபோர்னியாவில் நடைபெறும் டெவிஸ் கோப்பைப் பந்தயம்.

1955-ஆம் ஆண்டில் ஆபர்ன் என்னும் ஊரைச் சேர்ந்த வெண்டல் ரோபி என்பவர், சில நண்பர்களுடன் டாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, சியர்ரா நெவாடா மலைத்தொடரைக் குதிரைமீது கடந்து, ஒரே நாளில் ஆபர்ன் வந்து சேர்ந்தார். தொலைவு 100 மைல். அதாவது 160 கிலோமீட்டர். நம் விரைவு வண்டி மூன்று மணி நேரத்திற்குள் கடந்துவிடும். ஆனால் அங்கே இருப்பது மலைத்தடம். 8,700 அடிக்கு மேற்பட்ட கணவாயில் ஏற வேண்டும். பின்னர்ப் பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறி, இறங்கி ஏறிச் செல்ல வேண்டும். உச்சியில் காற்று குளிரும். நடுப்பகலில் பள்ளத்தாக்கு அடுப்பாகக் கொதிக்கும்.

அன்று தொடங்கிய ஓட்டமே பின்னர் ஆண்டுதோறும் நடைபெறும் பந்தயமாயிற்று. விடியற்காலை ஐந்தேகால் மணிக்குப் புறப்பட்டவர்கள் மறுநாள் ஐந்தேகால் மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும். இரவில் காட்டு வழியே செல்ல வேண்டியிருப்பதால், வழக்கமாக முழு நிலவை ஒட்டியே நாள் குறிப்பார்கள். இருளில் ஓர் ஆற்றையும் கடக்கிறார்கள். முடிவுக்குச் சில மைல் முன்னதாக ஒரு பழைய பாலம் வருகிறது. 1912-இல் சுண்ணாம்புக்கல் ஏற்றிச்செல்லும் இரயில் பாதைக்காகக் கட்டியது அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். இன்று அதன்மேல் குதிரைகள் போகின்றன. நம் துறைக்கும் அந்தப் பந்தயத்தில் ஒரு பங்கு உண்டு என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

என்னை வியக்க வைத்தது ஓட்டமன்று, நிறுத்தம். வழியில் பல இடங்களில் கால்நடை மருத்துவர்கள் நிற்கிறார்கள். குதிரையின் நாடியை எண்ணுகிறார்கள். ஈற்றை விரலால் அழுத்தி, இரத்தம் திரும்பிவரும் விரைவைப் பார்க்கிறார்கள். தோலைக் கிள்ளி நீர் வற்றியிருக்கிறதா என்று அறிகிறார்கள். வயிற்றில் காதுக்கருவியை வைத்துக் குடல் ஓசை கேட்கிறார்கள். கையால் பிடித்து ஓட்டச் செய்து நொண்டுகிறதா என்று நோக்குகிறார்கள். குறித்த அளவுக்கு நாடி இறங்காவிட்டாலும், கால் பிசகியிருந்தாலும், பயணம் அங்கேயே முடிந்தது. புறப்படுகிற குதிரைகளில் ஏறத்தாழப் பாதிதான் ஆபர்ன் சேருகின்றன. சேர்ந்த பின்னும் ஒரு சோதனை உண்டு. "இக்குதிரை இன்னும் செல்லும் நிலையில் இருக்கிறது" என்று மருத்துவர் சொன்னால்தான் முடித்ததாகக் கணக்கு.

முதலில் வந்த குதிரைக்கு டெவிஸ் கோப்பை. ஆனால் 1964 முதல் ஹாகின் கோப்பை என்று இன்னொன்றும் தருகிறார்கள். முதலில் வந்த பத்துக் குதிரைகளுள் எது மிக நல்ல உடல்நிலையில் இருக்கிறதோ, அதற்கு இது. இரண்டாவது கோப்பையையே பெரிதாக எண்ணுவோரும் அங்கே பலர்.

நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வண்டியைச் சோதிக்கும் டி.எக்ஸ்.ஆர். தகுதிச் சான்றில் கையெழுத்திடாதவரை, எத்தனை பெரிய அதிகாரி அவசரப்பட்டாலும் வண்டி நகராது அல்லவா? அந்த மருத்துவரும் அப்படித்தான்.

1973-ஆம் ஆண்டில் கார்டி ஐன்ஸ்லி என்பவரின் குதிரை நொண்டியதால் இடைவழியில் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் குதிரையின்றித் தம் கால்களாலேயே அந்த நூறு மைலையும் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். உலகெங்கும் இன்று நடைபெறும் நூறு மைல் ஓட்டப் பந்தயங்களுக்கு அதுவே வித்து என்பர். ஒரு குதிரையை நிறுத்தியதனால் யாதொன்றும் குறைந்துவிடவில்லை. புதிய வழி ஒன்று திறந்தது.

நம் நாட்டுக் கதை வேறு. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய அக்குதிரைகளில் பெரும்பாலானவை, பேணத் தெரிந்தவர் இன்மையால் விரைவிலேயே மாண்டன என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். வாங்கத் தெரிந்தது; நாடி பார்க்கத் தெரியவில்லை.

அன்பர்களே, இதைப் பழங்கதையாகச் சொல்லிச் செல்ல எனக்கு உரிமை இல்லை.

1996-ஆம் ஆண்டுத் தைப்பூசம். நான் பத்தாம் வகுப்பு மாணவன். பள்ளிக்குக் கட்ட வேண்டிய பணம் நிலுவையில் இருந்தது. பூச நாட்களில் நிலையத்திற்கும் அடிவாரத்திற்கும் ஓயாமல் சவாரி கிடைக்கும். எங்கள் குதிரைக்கு இராசு என்று பெயர். இரண்டாம் நாள் காலையில் கொள்ளு வைக்கப் போனபோது, அது வலது முன்காலைத் தரையில் ஊன்றத் தயங்குவதைக் கண்டேன். அப்பா காணவில்லை. நான் சொல்லியிருந்தால் அன்று வண்டி பூட்டியிருக்கமாட்டார். நான் சொல்லவில்லை. சொன்னால் பணம் வராது; பணம் வராவிட்டால் தேர்வு இல்லை.

மூன்றாம் நாள் மாலையில் இராசு ஏர்க்காலோடு சாய்ந்தது, எழவில்லை. அப்பா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே வீதியில் உட்கார்ந்திருந்தார். "காலில் ஏதோ இருந்திருக்கிறது, தம்பி, நான் கவனிக்கவில்லையே" என்று என்னிடம் சொன்னார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவர் காலமாகும் வரையில் சொல்லவில்லை. இன்று உங்கள் முன்னிலையில்தான் முதன்முறையாகச் சொல்கிறேன்.

நான் தேர்வு எழுதினேன், தேறினேன். அந்தச் சான்றிதழைக் கொண்டே இரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, எழுத்தராக உயர்ந்தேன். மேசையின் முன் அமரும்போதெல்லாம், இந்த இடத்திற்கு என்னை இழுத்து வந்தது எது என்பதை மறப்பதில்லை.

பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும் என்று இரட்டைப் பணியும் பார்க்கிறோம். கால் நொண்டினாலும் வெளியில் காட்டுவதில்லை. பார்த்தவரும், சொன்னால் வருமானம் நின்றுவிடுமே என்று வாளாவிருக்கிறோம்.

ஞாயிறுதோறும் இச்சங்கத்தில் கூடுகிறோம். "என்ன அண்ணா, முகம் வாடியிருக்கிறதே?" என்று ஒருவர் கேட்கிறார். அந்த ஒரு கேள்வியே மலைத்தடத்தில் நாடி பிடிக்கும் கை. அதைக் கேட்கத் தயங்காதீர்கள், கேட்டால் மறைக்காதீர்கள். நிற்கச் சொன்னால் நில்லுங்கள். அடுத்த ஆண்டும் தடம் அங்கேயே இருக்கும்.