பிறப்பு ரகசியம்: வரலாற்றுக் காதல் கதைகளும் நாமும்



நினைவுச் சொற்பொழிவில் வரலாற்றுக் காதல் நாவலுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அவை அரசர் பெருமை பேசுபவை என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வார இதழிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்த அந்தத் தொடர்கதைகள் நம் தெருக்களிலும் கைமாறின. நாமும் ரசித்தோம். ரசித்ததில் தவறொன்றுமில்லை. அந்த ஈர்ப்பு எப்படி வேலை செய்கிறது, யாருக்காக வேலை செய்கிறது என்பதுதான் இன்றைய கேள்வி.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அந்த ஏரி உண்மை. ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையவர்களின் சொத்து பறிக்கப்பட்டதைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டும் உண்மை. நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாறுகளின் துணை கல்கிக்கு இருந்தது. இத்தனை உண்மைகளைக் கடந்து வரும் வாசகர், நந்தினியையும் பூங்குழலியையும் நம்பிவிடுகிறார். அவர்கள் இருவருக்கும் எந்தக் கல்வெட்டும் கிடையாது. ஆனாலும் கோடியக்கரை என்றதும் பூங்குழலியின் படகுதான் நம் நினைவுக்கு வருகிறது. நல்ல ஆய்வு கதைக்குள் செய்யும் வேலை இதுதான். கற்பனைக் காதலுக்கு ஆதாரங்கள் ஜாமீன் நிற்கின்றன.

யாருடைய காதலுக்கு ஜாமீன்? பூங்குழலி இளவரசனை விரும்புகிறாள், அது கைகூடவில்லை. கோயிலுக்குப் பூக்கட்டும் வீட்டில் வளர்ந்த சேந்தன் அமுதனை மணக்கிறாள். முடிவில் அமுதனே கண்டராதித்தரின் மகன், உத்தம சோழன் என்று தெரிகிறது. உத்தம சோழன் கண்டராதித்தரின் மகன் என்பது வரலாறு. அவர் பூக்கட்டும் வீட்டில் வளர்ந்தார் என்பது கல்கியின் கற்பனை. அப்படி எழுதும்படி எந்த ஆதாரமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. எளியவர் உயர்வதைக் காணும் நம் ஆசையைக் கிளறிவிட்டு, அவர் எளியவரே அல்லர் என்று சொல்லி முடிக்கும் உத்தி இது. வாசகருக்கு இரட்டை இன்பம். எளியவரை நேசித்த பெருமிதம் ஒன்று, குலம் கெடவில்லை என்ற நிம்மதி இன்னொன்று.

பூங்குழலி அரசியானாளே என்று கேட்கலாம். ஆனாள். உயர்குல ஆண், தாழ்ந்த நிலைப் பெண் என்ற உறவைச் சாத்திரங்களே ‘அநுலோமம்’ என்று பெயரிட்டு ஒரு வரம்புக்குள் பொறுத்துக்கொண்டன. எதிர்த்திசையில் போகும் காதலைத்தான் அவை பொறுக்கவில்லை. நம் வரலாற்றுக் காதல் கதைகளும் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் உலவுகின்றன.

மக்கள் பாடிய கதை ஒன்றைப் பாருங்கள். நெல்லைச் சீமையின் முத்துப்பட்டன் கதையில், பிராமணனான பட்டன் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்புகிறான். பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, செருப்புத் தைத்து அந்தக் குடும்பத்தில் ஒருவனாகிறான். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டுச் சாகிறான். பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். பின்னால் வந்த வடிவங்களில் ஒரு திருத்தம் நுழைந்தது. அந்தப் பெண்கள் பிராமணக் குழந்தைகளாம், காட்டில் விடப்பட்டவர்களாம், பகடை எடுத்து வளர்த்தாராம். இங்கும் அதே பிறப்பு ரகசியம். அரண்மனையோ அரியணையோ இல்லாத கதையிலும் சாதி அதைக் கொண்டுவந்து செருகியது. ஆனால் பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றும் தோல் செருப்புதான் காணிக்கை. ஏட்டில் பெண்களின் பிறப்பை மாற்ற முடிந்தது, சன்னதியில் தொங்கும் செருப்பை மாற்ற முடியவில்லை.

ஆதாரம் இல்லாததால்தான் உங்கள் கதை எழுதப்படவில்லை என்று நம்மிடம் சொல்வார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே போவோம். ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதெல்லாம் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. அதே கோயிலின் கல்வெட்டுகள் ஊர்களில் வரி நீங்கிய நிலங்களையும் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா இந்தச் சொற்களை விரிவாக ஆராய்ந்தார். சேரியின் நிலத்தை அளந்தார்கள், அங்கே இருந்த மனிதரின் பெயரை எழுதவில்லை. ஆக, ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் நாம் இருந்தோம் என்பதற்குக் கல்லே சாட்சி. வந்தியத்தேவன் குதிரை மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பெயரில்லாதவர்களை எப்படி எழுதுவது? அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதோர் யார்?’ நூலின் முன்னுரையில் இந்தக் கேள்வியை எதிர்கொள்கிறார். சான்றுகளின் சங்கிலியில் கண்ணி விடுபட்டிருக்கும் இடத்தில், அறிந்த உண்மைகளிலிருந்து கற்பனையாலும் உள்ளுணர்வாலும் பாலம் கட்டலாம் என்கிறார். அதற்குத் துணையாக மக்சீம் கார்க்கி என்ற எழுத்தாளரை அழைக்கிறார். கற்பனை நமக்கு ஆடம்பரமல்ல, மறைக்கப்பட்ட வரலாற்றை மீட்கும் கருவி. ஆனால் பாலத்துக்கு இரு கரையும் வேண்டும். ஆய்வில்லாத கற்பனை நமக்கும் ஒரு பொய் வம்சாவளியைத்தான் தரும். நாமும் ஒரு காலத்தில் அரசர்களே என்று சொல்லி மகிழ்வதும் இன்னொரு பிறப்பு ரகசியம்தான்.

பூமணியின் ‘அஞ்ஞாடி’, 1895 கழுகுமலைக் கலவரத்தையும் 1899 சிவகாசிக் கலவரத்தையும் உழைக்கும் மக்களின் தலைமுறைக் கதைக்குள் கொண்டுவந்து காட்டியது. வெண்மணியில் 1968இல் எரிக்கப்பட்ட 44 பேரைப் பற்றியும் நாவல்கள் வந்திருக்கின்றன. இவை எழுதப்பட வேண்டியவை. ஆனால் குடிசை எரிவதற்கு முன்பும் அந்தத் தெருவில் யாரோ யாருக்காகவோ காத்திருந்தார்கள், களத்துமேட்டில் கேலி பேசினார்கள், கோபித்துக்கொண்டார்கள். நம்மைச் சாவின் வழியாக மட்டுமே வரலாற்றுக்குள் அழைப்பதும் ஒரு குறைதான்.

இது வெறும் ரசனை பற்றிய பேச்சு அல்ல. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், மனைவியின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்ட தலித் இளைஞருக்கு எந்தப் பிறப்பு ரகசியமும் இல்லை. இவர் உண்மையில் அரசகுமாரர் என்று கடைசி அத்தியாயத்தில் யாரும் வந்து சொல்லவில்லை. பிறப்பை மாற்றாமல் காதல் வெல்லும் ஒரு கதையைத் தமிழ் வாசகர்கள் போதிய அளவு படித்ததில்லை, நம்பியதில்லை. சட்டம் காதலர்களுக்குப் பாதுகாப்புத் தரட்டும், அதற்காக நாம் போராடுவோம். மக்கள் மனதில் அந்தக் காதலுக்கு ஜாமீன் தர வேண்டியது இலக்கியம்.

இளம் எழுத்தாளர்களே, கல்வெட்டுத் தொகுதிகளைத் திறந்து படியுங்கள். நிலப் பதிவேடுகளைக் கேட்டு வாங்குங்கள். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த ஆத்தாமார்களின் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு ஒரு நல்ல காதல் கதை எழுதுங்கள். இரவு முழுக்க விழித்துப் படிக்க வைக்கும் கதையாக அது இருக்கட்டும். அதன் நாயகியும் நாயகனும் சேரியில் பிறந்தவர்களாகவே தொடங்கி, சேரியில் பிறந்தவர்களாகவே வெல்லட்டும்.

ஜெய்பீம்.