யாருடைய பாவத்துக்கு யாருக்குத் தண்டனை?

(ஆய்வு மாணவர்களின் படிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'அன்பான கடவுளும் அப்பாவிகளின் துன்பமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். தத்துவத் துறைக்காரர்கள் இதை வழக்கமாக லிஸ்பனில் தொடங்குவார்கள். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். காலைப் பூசைக்குப் போனவர்கள் மேல் கோவில்களே இடிந்து விழுந்தன. கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று வால்தேர் உள்பட ஐரோப்பா முழுக்கக் கேட்டது. நான் லிஸ்பனுக்குப் போகவில்லை. திருநெல்வேலியில் தொடங்குகிறேன்.

1934 ஜனவரி 15 பிற்பகலில் பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். முங்கேர் நகரம் தரைமட்டமானது. காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்கிற பாவத்துக்காகக் கடவுள் கொடுத்த தண்டனைதான் இந்த நிலநடுக்கம் என்று பேசினார். தாகூர் பதறிப்போனார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும், இதே வாதத்தைச் சனாதனிகள் காந்திக்கு எதிராகவே திருப்பலாமே என்று எழுதினார். காந்தி அதைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டு, தன் நம்பிக்கையில் மாற்றமில்லை என்று பதிலும் எழுதினார்.

இந்த விவாதத்தை அறிவியலா, மூடநம்பிக்கையா என்றே நாம் பாடம் நடத்துகிறோம். எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. பீகாரில் அன்று செத்தவர்களில் தீண்டப்படாதவர்கள் இல்லையா? பூமி சாதி பார்த்தா பிளந்தது? தீண்டியவனின் பாவத்துக்குத் தீண்டப்படாதவனின் பிள்ளையும் சேர்ந்து சாக வேண்டும் என்றால் அது என்ன நீதி? காந்தியின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவருடைய கணக்கில் நம் மக்கள் அடுத்தவர் செய்த பாவத்துக்குச் சாட்சியாக வருகிறார்களே தவிர, செத்தவர்களாக வரவில்லை.

அதாவது நிலநடுக்கத்திலேயே இந்தச் சிக்கல். இனி மனிதன் மூட்டிய நெருப்புக்கு வருவோம்.

1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறந்த நாளின் இரவு. கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கடவுள் மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தார், அதை மனிதன் தவறாகப் பயன்படுத்துகிறான், கடவுள் குறுக்கிட்டால் சுதந்திரத்துக்குப் பொருளில்லை என்று இறையியல் வகுப்பில் சொல்லித் தருவார்கள். நல்ல வாதம்தான். ஆனால் யாருடைய சுதந்திரம்? பண்ணையார்களுக்குக் கொளுத்தும் சுதந்திரம் இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்குக் கதவைத் திறந்து வெளியே வரும் சுதந்திரம் இல்லை. துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று இன்னொரு பதில் உண்டு. அந்தக் குடிசைக்குள் இருந்த கைக்குழந்தையிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

அமெரிக்காவில் வில்லியம் ஆர். ஜோன்ஸ் என்றொரு கறுப்பினத் தத்துவவாதி. 1973இல் ஒரு நூல் எழுதினார். தலைப்பே 'கடவுள் வெள்ளை இனவெறியரா?' என்பதுதான். என் ஆய்வில் நான் அதிகம் முட்டிக்கொண்ட நூல் அது. மழைபோல எல்லார் தலையிலும் துன்பம் விழுந்தால் 'ஏன்' என்று பொதுவாகக் கேட்கலாம். ஒரே கூட்டத்தின் தலையில், தலைமுறை தலைமுறையாக விழுந்தால்? கடவுள் எதிர்த்தரப்பில் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார் ஜோன்ஸ். கடவுள் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறார் என்ற ஜேம்ஸ் கோன், இயேசுவே தலித்தாகப் பாடுபட்டார் என்ற நம் அர்விந்த் நிர்மல், இருவர் மேலும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் பக்கத்தில் நின்று சேர்ந்து அழுகிற கடவுளால் ஏன் தடுக்க முடியவில்லை என்று ஜோன்ஸ் கேட்டால், அவர்களிடம் முழுப் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து எனக்கு வந்ததல்ல. நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது என் அக்கா நான்காம் வகுப்பு. ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு எங்கள் காலனிக் கிணற்றில் கலந்தது. மேல்நிலைத் தொட்டியின் குழாய் ஊர்த்தெருவோடு நின்றிருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் எல்லாரும் குடித்தோம். அக்காவுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டே நாள். அடக்கப் பூசையில் சாமியார், ஆண்டவர் தமக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார், பிள்ளை சம்மனசுகளோடு சேர்ந்துவிட்டது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், கெட்ட மனுஷர் இல்லை. பிறகு கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கென்று ஒதுக்கிய மூலையில் அக்காவைப் புதைத்தோம். சம்மனசுகளோடு சேரலாம், ஊர்த்தெருக் கல்லறைகளோடு சேரக் கூடாது.

அப்பாயி மட்டும் வீட்டுக்கு வந்ததும் செபமாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டது. ஒரு வருஷம் தொடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகும், கடைசி வரிசையில் உட்காரும், வாய் திறக்காது. எதுக்கு அப்பாயி போறே என்று கேட்டேன். "அவர்கிட்ட பேசறதில்ல. அதுக்காக அவரை விட்டுட முடியுமா? என் மூஞ்சிய அவர் பாக்கணும்ல" என்றது.

ஆய்வுக்கு வந்தபின் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலைப் படித்தேன். படைத்த கடவுள் நல்லவர் என்றால் உலகில் இவ்வளவு தீமை ஏன் என்ற புத்தரின் வாதத்தை பாபாசாகேப் அதில் எடுத்துவைக்கிறார். என்னை நிறுத்தியது வேறோர் இடம். முற்பிறவிக் கர்மம்தான் இன்றைய நிலைக்குக் காரணம் என்ற கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, இதனால் யாருக்கு லாபம் என்று பார்க்கிறார். ஏழைகளின், தாழ்த்தப்பட்டவர்களின் நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் தப்பிக்கத்தான் அது உதவும் என்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பூ நினைவுக்கு வந்தது. கர்மம் வேறு, பூப் பறிக்கும் ஆண்டவர் வேறுதான். ஆனால் இரண்டும் அன்றைக்கு ஒரே வேலையைத்தான் செய்தன. குழாய் ஏன் ஊர்த்தெருவோடு நின்றது என்று அந்தப் பூசையில் யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அப்படியென்றால் கடவுள் இல்லை என்று முடித்துவிடலாமா என்று சில தோழர்கள் கேட்பீர்கள். எனக்கு நம்பிக்கை போய் வெகுநாளாகிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் அப்பாயி முன்னால் அதை ஒரு வெற்றிபோலச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. அது கடவுளுக்கு வக்காலத்து வாங்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஞாயிறுதோறும் எதிரே போய் உட்கார்ந்து கணக்குக் கேட்டது. நம் சேரிகளில் நம்பிக்கை என்று நாம் ஒரே சொல்லில் ஒதுக்குவதற்குள் இப்படியும் ஒன்று இருக்கிறது. அதை இறையியலும் சரியாகப் படிக்கவில்லை, பகுத்தறிவு பேசும் நாமும் படிக்கவில்லை.

அடுத்த ஆண்டு தேர்தலுக்கு முன்னால் காலனிக்குக் குழாய் வந்தது. தண்ணீர் வந்த அன்று அப்பாயி முதல் குடத்தைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனது. திரும்பி வந்து செபமாலையை எடுத்துத் துடைத்து, மறுபடியும் அதே ஆணியில் மாட்டியது. அதற்கு மேல் எப்போது எடுத்தது என்று எனக்கு நினைவில்லை.