நைஸ்: அக்கம்பக்கத்தில் பொருள் தேடும் சொல்

வடைக்கு அரைத்தால் கொஞ்சம் கரகரப்பாக இருக்கலாம், இட்லிக்கு உளுந்தை நைஸாக அரைக்க வேண்டும் என்று சமையலறையில் சொல்கிறோம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நைஸாக நழுவிவிட்டான் என்று தெருவில் சொல்கிறோம். பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடத்திலோ நைஸ் என்றால் நல்ல, இனிய என்று ஒரே வரியில் பொருள் எழுதிக்கொள்கிறோம். உளுந்தில் இருக்கும் நைஸ் மென்மை. நழுவியவனிடம் இருப்பது தந்திரம். பாடக் குறிப்பில் இருப்பது நற்குணம். இம்மூன்றில் எது சரி என்று கேட்டால், கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்பேன். இந்தச் சொல்லின் பொருள் அதற்குள் மட்டும் இருந்ததே இல்லை. பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது, யாரிடம் எந்தக் குரலில் சொல்லப்படுகிறது என்பதில்தான் அதன் பாதிப் பொருள் இருக்கிறது.

இதன் பிறப்பைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். லத்தீனில் நெஸ்கியுஸ் என்றால் அறியாதவன். அறிதல் என்ற வினையின் முன்னால் எதிர்மறை சேர்ந்து உண்டான சொல் அது. அதே அறிதல் என்ற வேரிலிருந்துதான் சயன்ஸ் என்ற சொல்லும் வந்தது. ஆக, அறிவியலும் அறியாமையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது நைஸ் என்றால் முட்டாள். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் அந்தப் பொருளில் இதைக் கையாண்டிருக்கிறார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்கள் கிளைத்தன. விவரம் தெரியாதவன் கூச்சப்படுவான். கூச்சப்படுகிறவன் எதையும் தொடத் தயங்குவான். தயங்குகிறவன் பொறுக்கிப் பொறுக்கி எடுப்பான். பொறுக்கி எடுப்பவனுக்குச் சிறு வேறுபாடும் கண்ணில் படும். இப்படித்தான் முட்டாளைக் குறித்த சொல் நுட்பத்தைக் குறிக்க வந்திருக்க வேண்டும். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில், நுணுக்கம் பிசகாமல் மதிப்பிடும் தன்மை என்பதே இதற்கு முன்னிற்கும் பொருள். அளவு மீறிய நாசூக்கையும் இது குறிக்கும் என்று அவர் சேர்த்துச் சொல்கிறார். இனியது என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. சில்லி என்ற சொல் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. பழைய ஆங்கிலத்தில் பேறு பெற்றவரைக் குறித்த அது, பின்னர் கள்ளமற்றவரையும், இரக்கத்துக்குரியவரையும், கடைசியில் அசடரையும் குறித்தது. மொழியியலார் ஒன்றை உயர்பொருட்பேறு என்பார்கள், மற்றதை இழிபொருட்பேறு என்பார்கள்.

பழைய பொருள்தானே உண்மையான பொருள், மற்றவை பிழைதானே என்று சிலர் கேட்கலாம். இதற்கு ஜேன் ஆஸ்டின் எழுதிய நார்த்தாங்கர் ஆபி நாவலில் நல்ல சான்று இருக்கிறது. அவர் மறைந்த 1817ஆம் ஆண்டின் கடைசியில் வெளிவந்த நாவல் அது. கேத்தரின் என்ற இளம்பெண் தனக்குப் பிடித்த ஒரு கதைப் புத்தகத்தை நைஸ் என்று புகழ்கிறாள். ஹென்றி டில்னி அவளைச் சீண்டுகிறான்: நேர்த்தியையும் நயத்தையும் குறிக்கத்தான் முதலில் இந்தச் சொல் இருந்தது, இப்போது எதைப் புகழ்ந்தாலும் இந்த ஒன்றுதான் என்று. மொழியைப் பற்றி நன்கு யோசித்தவன்தான் அவன். ஆனாலும் முதற்பொருள் என்று அவன் காட்டுவது நடுவழியில் வந்த ஒரு பொருள். மூலத்துக்கே போகலாம் என்று அவன் துணிந்திருந்தால், அந்தப் புத்தகத்தை முட்டாள்தனமானது என்றல்லவா கேத்தரின் சொன்னதாகக் கொள்ள வேண்டும்! பழமையைக் காக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பாட்டனார் காலத்து வழக்கைத்தான் ஆதி என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் யார் எப்படிச் சொன்னாலும் சரியா என்பது அடுத்த மறுப்பு. இது வலுவான மறுப்பு. 16, 17ஆம் நூற்றாண்டுச் சான்றுகள் பலவற்றில், எழுதியவர் எந்தப் பொருளை மனத்தில் கொண்டார் என்று தீர்மானிப்பதே கடினம் என ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே குறிப்பிடுகிறது. பொருள்கள் நெரிசலாக நின்றால் வாசகருக்குத் துன்பம்தான். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் மொழி தானே வழி விடுகிறது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில், சண்டை எவ்வளவு அற்பமான காரணத்தில் தொடங்கியது என்று பென்வோலியோ எடுத்துச் சொல்லும்போது இச்சொல் வருகிறது. பேச்சின் போக்கே பொருளைக் காட்டிவிடுகிறது. இன்றைக்கும் ஒரு வழக்கறிஞர் நைஸ் பாயிண்ட் என்று சொன்னால், அது இனிய விஷயம் அல்ல, இழை பிரித்துப் பார்க்க வேண்டிய சிக்கல். அறை நைஸ் அண்ட் வார்ம் என்றால் வேண்டிய அளவுக்கு இதமான சூடு. நைஸ் மெஸ் என்று ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் அவர் பாராட்டவில்லை, குமுறுகிறார். எழுத்தில் தவறிப்போகக்கூடிய இந்தக் கடைசிப் பொருள் குரலில் தவறாது. வானொலி கேட்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழில் நமக்கு நயம் என்ற சொல் இருக்கிறது. செவிக்கு நைஸ் போல ஒலிப்பது தற்செயல். வேர் உறவு எதுவும் இல்லை. ஆனால் இரண்டின் பொருள் வட்டமும் ஒத்துப்போவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நயம் எண்ணெய் என்றால் தரம். கவிதை நயம் என்றால் நுட்பமான அழகு. நயமாகப் பேசு என்றால் இனிமை. நயவஞ்சகம் என்றால் இனிமைக்குள் ஒளிந்த சூது. நெருடல் இல்லாதது இதமாக இருக்கும். இதமாக இருப்பது எதிர்ப்பில்லாமல் உள்ளே நுழையும். நுழைவது சில நேரம் களவாகவும் நுழையும். மாவை நைஸாக அரைக்கிறவரும் நைஸாக நழுவுகிறவனும் ஒரே அனுபவத்தின் இரு முனைகளில் நிற்கிறார்கள். இன்றைய ஆங்கிலேயர் மாவின் மென்மைக்கு ஃபைன் என்றுதான் சொல்வார். நாமோ நைஸ் என்கிறோம். அந்த வழக்கு, ஜான்சன் எழுதிவைத்த நுணுக்கப் பொருளுக்கு அண்டை வீட்டில் இருக்கிறது. இதைக் கொச்சை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

இன்னொரு குறை, இது வெற்றுச் சொல் என்பது. ஆங்கிலக் கட்டுரைகளில் ஆசிரியர்கள் இதை அடித்துவிட்டு வேறு சொல் எழுதச் சொல்வார்கள். கட்டுரைக்கு அது சரியான அறிவுரைதான், ஏனென்றால் ஏன் பிடித்தது என்று எழுதுபவர் சொல்லியாக வேண்டும். ஆனால் வந்த விருந்தாளி தேநீரைக் குடித்துவிட்டு நைஸ் என்று சொல்லும்போது, தேநீரை அவர் ஆராயவில்லை. போட்டுக் கொடுத்தவரின் மனத்தைக் குளிர்விக்கிறார். அந்த வேலைக்குக் கனமில்லாத சொல்தான் பொருந்தும். ஆகவே மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கும்போது, நைஸ் என்றால் நல்ல என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், சட்டச் சிக்கல், இதமான அறை, விருந்தாளியின் தேநீர் என்று இடங்களோடு சேர்த்துக் கொடுங்கள். உளுந்து மாவிலிருந்தே தொடங்கலாம். அது அவர்களுக்கு முன்பே தெரியும்.