கங்கை ஏன் கலங்குகிறது?

(சேந்தமங்கலத்தில் பேசியது)



கொல்லிமலையில் மழை கொட்டினால் நம்மூர் ஓடை கலங்கி வருகிறது. மலை மண் கரைகிறதென்று சிறுபிள்ளையும் சொல்லும். கங்கை கலங்கி வந்தால் மட்டும், சிவன் சடையிலிருந்து இறங்கிய தீர்த்தமென்று சொம்பில் அடைத்துப் பூசை செய்கிறோம்.

கங்கையின் தலையாறான பாகீரதி, கோமுகம் என்னுமிடத்தில் கங்கோத்ரி பனியாற்றிலிருந்து புறப்படுகிறது. சுமார் 30 கிலோ மீட்டர் நீளமுள்ள அப்பனிக்கட்டி, தன் பாரத்தினாலேயே மெல்ல நகருகிறது. அடியில் அகப்பட்ட கற்கள், அம்மியில் குழவி அரைப்பதுபோல் பாறையை அரைக்கின்றன. அந்தக் கல்மாவுதான் உருகிய நீரில் கலந்து வருகிறது. கோடையில் பனி அதிகம் உருகும், கலங்கலும் அதிகம். குளிர்காலத்தில் நீர் தெளியும். இதில் சடை எங்கே, சாமி எங்கே?

"இது தெரிந்து நமக்கென்ன லாபம்?" என்பீர்கள். பனியாறு தள்ளி ஒதுக்கிய கல்லும் மண்ணும் கரையாய் நின்று, உருகிய நீரை ஏரியாகத் தேக்குவதுண்டு. சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி அப்படிப்பட்டது. அது உடையக்கூடுமென்று விஞ்ஞானிகள் முன்னமே எச்சரித்தார்கள். 2023 அக்டோபரில் பக்கத்து மண்மேடு சரிந்து ஏரிக்குள் விழ, கரை உடைந்தது. வெள்ளம் கல்லையும் மண்ணையும் வாரிக்கொண்டு டீஸ்டா ஆற்றில் பாய்ந்து, சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. பலர் மாண்டனர்.

தெய்வ கோபமென்பவனுக்குத் தேங்காய் உடைப்பதைத் தவிர வேறு வேலையில்லை. மண்ணின் வேலையென்று அறிந்தவனுக்கோ ஏரியை அளக்கவும், நீரை வடிக்கவும், கீழேயுள்ளவர்களை முன்கூட்டி எழுப்பவும் வேலையுண்டு. இரண்டில் எது உயிரைக் காக்கும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.