ஒரு தரிப்பிடம் தள்ளி

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது, வெளிநாட்டில் மருத்துவம் படித்த அனுபவம் பற்றிய ஒரு பேச்சு. அதைப் பேசுவதற்கு இந்த மண்டபத்தில் எங்களைவிடத் தகுதியானவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். ஆகவே அனுமதி கேட்டுத் தலைப்பை மாற்றிக்கொண்டோம். ஒஸ்லோவில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், ஸ்கீ ஓடுவதற்கு இடம் தேடிய கதையைச் சொல்லப் போகிறோம். நீங்கள் சிரிக்கலாம். குழுச் செயலாளரும் தொலைபேசியில் சிரித்தார்.

நாங்கள் என்பது மூன்று பேர். ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. மேடையில் நிற்பது ஒருத்தி, உரை மூவரும் இருந்து எழுதியது. எந்த இடத்தில் விழுந்தது யார், அழுதது யார் என்று பிறகு வந்து விசாரிக்க வேண்டாம். விழுந்தது மூவரும்தான்.

1995 ஒக்ரோபர் 30 இரவுடன் எங்கள் வகுப்பு சிதறியது உங்களுக்குத் தெரியும். அடுத்த இரண்டு வருடங்களுக்குள் நாங்கள் மூவரும் வெவ்வேறு வழிகளில் நோர்வேக்கு வந்து சேர்ந்தோம். ஒருத்தி வடக்கே ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவிடம். ஒருத்தி பேர்கனில் அண்ணாவிடம். ஒருத்தி ஒஸ்லோவில் சித்தி வீட்டில். 2000ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஒஸ்லோப் பல்கலைக்கழகத்துச் சிற்றுண்டிச்சாலை வரிசையில் ஒருவரையொருவர் கண்டபோது போட்ட கூச்சலில் முழு வரிசையும் திரும்பிப் பார்த்தது. ஒருத்திக்கு மருத்துவம், ஒருத்திக்கு இரசாயனவியல், ஒருத்திக்குக் கணினி. மூவரும் கிரிங்ஷோ மாணவர் குடியிருப்பில் அறை எடுத்தோம்.

இங்கே கொஞ்சம் புவியியல் சொல்ல வேண்டும். ஒஸ்லோ நகரத்தை நினைக்கும்போது கட்டடங்களை நினைக்காதீர்கள். மாநகர எல்லைக்குள் பாதிக்கு மேல் காடும் ஏரிகளும்தான். வடக்கே உள்ள காட்டுக்கு நூர்மார்கா என்று பெயர். நகரத்து மெட்ரோ ரயில் நேரே அந்தக் காட்டின் வாசலுக்குப் போய் நிற்கும். மேற்குப் பக்கப் பாதை 1898இல் ஹோல்மென்கொலன் வரை போடப்பட்டு, 1916இல் மலை மேலுள்ள ஃப்ரொக்னர்சேத்தரன் வரை நீட்டப்பட்டது. மற்றது 1934இல் திறந்த சொங்ஸ்வான் பாதை. சொங்ஸ்வான் ஒரு ஏரி. பல்கலைக்கழகம் இருக்கும் பிளின்டர்னில் ஏறினால் எட்டாவது தரிப்பிடம் அது, கடைசித் தரிப்பிடமும் அதுவே. அதற்கு முந்தியது கிரிங்ஷோ.

அதாவது நாங்கள் குடியிருந்தது காட்டுக்கு ஒரு தரிப்பிடம் முன்னால். நடந்தால் பத்து நிமிடம். முதல் குளிர்காலம் முழுவதும் சனி, ஞாயிறுகளில் சந்தைப் பைகளோடு அந்த ரயிலில் வந்து கிரிங்ஷோவில் இறங்குவோம். எங்களோடு பயணம் செய்தவர்கள், குழந்தைகளும் கிழவர்களும் நாய்களுமாக, நெடிய ஸ்கீக்களைப் பிடித்தபடி இறங்காமல் இருப்பார்கள். கதவு மூடும். ரயில் அவர்களோடு அடுத்த தரிப்பிடத்துக்குப் போகும். எங்கே போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். நாங்களும் போகலாம் என்பதுதான் ஒரு வருடமாகத் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணங்கள் இருந்தன. காசில்லை என்பது ஒன்று. ஃபின்மார்க்கில் பள்ளிக்கூடம் போனவளுக்கு அங்கே கட்டாய ஸ்கீ நாள் ஒன்றில் முழு வகுப்புக்கும் முன்னால் விழுந்து எழும்பத் தெரியாமல் கிடந்த நினைவு. இனிச் செத்தாலும் அந்தக் கட்டையில் ஏறுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள். பேர்கன்காரிக்குத் தெரிந்தது மழை மட்டும். மூன்றாவது காரணம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒரு இடத்துக்குப் போவதென்றால் யாரிடமாவது அனுமதி எடுக்க வேண்டும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பாஸ், அடையாள அட்டை, சோதனைச் சாவடி என்று வளர்ந்த பிள்ளைகள் அல்லவா.

இரண்டாவது குளிர்காலத்தில், உடற்கூற்றியல் வகுப்பில் எங்களோடு படித்த நோர்வேப் பெண் ஒருத்தி, சொங்ஸ்வானுக்கு வருகிறீர்களா என்று கேட்டாள். உள்ளே போக ரிக்கெற் எவ்வளவு என்று கேட்டோம். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. திரும்பவும் கேட்டோம். எதற்கு ரிக்கெற், அது காடுதானே என்றாள்.

அன்றுதான் அலமான்ஸ்ரெத்தன் என்ற சொல்லைக் கற்றோம். எல்லா மனிதருக்குமான உரிமை என்று பொருள். பழைய வழக்கம், 1957இல் சட்டமாகவும் எழுதப்பட்டது. காடு யாருடைய காணியாக இருந்தாலும் எவரும் நடந்து போகலாம், கூடாரம் போடலாம், பழம் பறிக்கலாம். நிலம் உறைந்து பனி மூடியிருக்கும் காலத்தில் வயல்களுக்குள்ளாலும் போகலாம். வீட்டு வளவுக்குள் மட்டும் போகக் கூடாது. குடியுரிமை உள்ளவர்க்கு மட்டும் என்று அதில் இல்லை. எங்களில் ஒருத்தியிடம் அப்போது தற்காலிக வதிவிட அனுமதிதான் இருந்தது. அவள் அந்தச் சட்டத்தைத் தேடி எடுத்து இரண்டு தரம் வாசித்தாள்.

அடுத்தது ஸ்கீ. சொல்லையே முதலில் திருத்த வேண்டியிருந்தது. நோர்வேக்காரர் அதை "ஷீ" என்றுதான் உச்சரிப்பார்கள். பிளந்த மரத்துண்டு என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்ததாம். மலையிலிருந்து வேகமாக இறங்குகிற வகைக்கு இழுவைக் கம்பியும் அதற்கு ரிக்கெற்றும் வேண்டும், அது மாணவருக்குக் கட்டாது. காட்டுப் பாதையில் நடந்தும் சறுக்கியும் போகும் வகைக்குச் செலவு பொருள்களுக்கு மட்டும்தான். அங்கே பள்ளிக்கூடங்களில் வாத்தியக் குழுவுக்குக் காசு சேர்க்கப் பழைய பொருள் சந்தை வைப்பார்கள். அதில் மூன்று சோடி மரப்பலகைகளையும் மூன்று சோடி சப்பாத்துக்களையும் வாங்கி, வெற்றியோடு ரயிலேறினோம். அறைக்கு வந்து பார்த்தால், இரண்டு சோடிச் சப்பாத்து பலகையில் பூட்ட முடியவில்லை. பூட்டுகளில் பல வகை உண்டு, ஒன்று மற்றதோடு பொருந்தாது என்று யாரும் சொல்லவில்லை. பிழை எங்களுடையது, நாங்கள் கேட்கவும் இல்லை. அடுத்த சந்தை வரும்வரை ஒரு சோடியை மூவரும் முறை வைத்து ஓடினோம். பெரிய காலுக்காரி இரண்டு மேசில்லாமல் போட்டாள், சின்னக் காலுக்காரி மூன்று மேசு போட்டாள்.

முதல் நாள் டெனிம் காற்சட்டையும் பருத்தி உடுப்பும் அதன்மேல் தடித்த ஜக்கெற்றும். கால்மணி நேரத்தில் வியர்த்து ஒழுகியது. நின்றவுடன் அந்த வியர்வை உடம்போடு சேர்ந்து குளிர்ந்தது. உள்ளே கம்பளி, வெளியே மெல்லிய காற்றுத் தடுப்பு, அவ்வளவும் போதும். மெழுகு விஷயம் இன்னொரு பாடம். பலகையின் நடுப்பகுதியில் பூசும் மெழுகில் பனித்துகள் பற்றிப் பிடித்தால்தான் காலை உதைத்து முன்னேறலாம். குளிர் கூடக் கூடப் பனித்துகள் கூராகும், மெழுகும் இறுக்கமானதாக வேண்டும். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒவ்வொரு நிறம். இரசாயனவியல் படித்தவளுக்கு இது கொண்டாட்டம். நீல நிறக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எங்களுக்கு நடத்திய விரிவுரைகளைப் பனியில் நின்று கேட்டிருக்கிறோம்.

மேட்டில் ஏறும்போது பலகைகளை விரித்து வைத்து ஏறுவதற்கு அவர்கள் சொல்லும் பெயர் மீன்முள். இறங்கும்போது முன்முனைகளைச் சேர்த்து வேகம் குறைப்பதற்குப் பெயர் கலப்பை. அந்த இரண்டு பெயரையும் கேட்டபோதுதான், இது எங்களுக்கும் வரும் என்று முதலில் ஒரு தைரியம் பிறந்தது. ஒரு மருத்துவரின் இடைச்செருகல்: விழும்போது கோலை விட்டுவிடுங்கள். அதைப் பிடித்தபடி விழுந்தால் பெருவிரல் அடியிலுள்ள இணையம் கிழியும். இன்னுமொன்று, குளிர்காலத்தில் ஸ்கீ ஓடினால் விற்றமின் டி கிடைக்கும் என்று நம்பாதீர்கள். அந்த அகலாங்கில் அந்த மாதங்களில் வெயிலில் அதற்கான கதிர் போதாது, எங்கள் தோலுக்கு இன்னும் போதாது. மீனெண்ணெய் குடியுங்கள்.

இவ்வளவும் விளையாட்டாகச் சொல்லிவிட்டோம். ஆனால் அந்த 2001 டிசம்பரில் எங்களில் ஒருத்தி விரிவுரைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். அவளுடைய அம்மாவும் தம்பியும் வன்னியில். செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக வந்த கடைசிக் கடிதத்துக்குப் பிறகு மாதக்கணக்காகச் சேதி இல்லை. டிசம்பர் ஒஸ்லோவில் பகல் ஆறு மணித்தியாலம். அவள் அந்த ஆறு மணித்தியாலமும் நித்திரை கொண்டாள். இரவில் விழித்திருந்தாள். படிப்பை விடப்போவதாகப் படிவமும் நிரப்பி மேசையில் வைத்திருந்தாள். என்ன சொல்வதென்று மற்ற இருவருக்கும் தெரியவில்லை. மருத்துவம் படிப்பவளுக்கு நோயின் பெயர் மட்டும் தெரிந்திருந்தது. ஆகவே இருட்டிய பிறகு அவள் எழும்பும் நேரம் பார்த்து, கதவைத் தட்டி, காலில் சப்பாத்தைப் போட்டு, ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். அங்கே காட்டுப் பாதைகளில் இரவில் ஓடுவதற்கு விளக்குக் கம்பங்கள் உண்டு. முதல் நாட்களில் அவள் பேசவே இல்லை. விழுந்தாள், எழுந்தாள், வந்தாள்.

ஜனவரியில் ஒரு நாள் நேரம் போனது தெரியாமல் உள்ளே போய்விட்டோம். விளக்குகள் இரவில் ஒரு குறித்த நேரத்துக்குப் பின் அணைக்கப்படும் என்பது எங்களுக்குத் தெரியாது. திரும்பி வரும் வழியில், முன்னாலும் பின்னாலும் ஒரே கணத்தில் எல்லாம் அணைந்தன.

நாங்கள் மூவரும் நிலத்தில் விழுந்து படுத்தோம்.

யாரும் சொல்லவில்லை. ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை. முகம் பனியில், கை தலையில். இங்கே இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எவ்வளவு நேரம் கிடந்தோமோ தெரியாது. பிறகு ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது, அது மற்றவளுக்கும் தொற்றியது, படிவம் நிரப்பியவள் சிரிக்கத் தொடங்கி அழுது, அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாக அம்மாவைப் பற்றிக் கதைத்தாள். படுத்தபடியே கதைத்தாள். கண் இருட்டுக்குப் பழகப் பழகப் பனியின் வெளிச்சம் தெரிந்தது. பாதை, மரங்கள், தூரத்தில் ஏரி.

அப்போது தலைவிளக்கோடு ஒரு வயதான பெண்மணி வந்தார். மூன்று கறுத்தப் பெட்டைகள் பனியில் படுத்துக் கிடப்பதைக் கண்டு நின்றார். யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றோம். எந்த நாடு, எப்ப வந்தனீங்கள் என்ற வழமையான கேள்விகள் ஒன்றும் கேட்கவில்லை. தன் பின்னால் வரச் சொல்லி, எங்களுக்காக மெதுவாக, ரயில் நிலையம் வரை முன்னால் போனார். போகும்போது, பின்னங்காலை இன்னும் நீட்டி உதை என்று எங்களில் ஒருத்தியைத் திருத்தினார்.

அடுத்த மாதம், பெப்ரவரி 22, போர் நிறுத்த ஒப்பந்தம். நடுவில் நின்றது நாங்கள் படித்துக்கொண்டிருந்த நாடு. அந்த ஞாயிறு காட்டுக்குள் உள்ள உல்லவோல்சேத்தர் விடுதிவரை முதன்முதலாக ஓடிப்போய் வாஃபல் வாங்கித் தின்றோம். பையில் பாணும் கட்டிச்சம்பலும் இருந்தன, அவற்றையும் தின்றோம். சம்பலின் வாசத்துக்குப் பக்கத்து மேசை நாய் வந்தது.

ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அவளுடைய அம்மா யாழ்ப்பாணம் வந்து, ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் நின்று அழைத்தார். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு கேட்ட குரல். தம்பியும் பக்கத்தில் நின்றான். பதற்றத்தில் வேறொன்றும் வாயில் வராமல், அம்மா நான் ஷீ ஓடப் பழகிட்டன் என்றாள் இவள். அது என்னவென்று கேட்டு, விளங்கிக்கொண்டு, அம்மா சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது: "உனக்கென்ன விசரே பிள்ளை? படிக்கப் போனனியோ, காலை முறிக்கப் போனனியோ?" நாங்கள் மூவரும் அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டு நின்றோம். அட்டையில் காசு தீரும்வரை அம்மா பேசினார்.

அந்தப் படிவம் என்ன ஆனதென்று கேட்காதீர்கள். மெழுகு உருகி வழியாமல் இருக்க அதைத்தான் மேசையில் விரித்திருந்தோம்.

ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், நான்சன். 1888இல் கிறீன்லாந்தை ஸ்கீயில் குறுக்கே கடந்தவர். அதே வருடம் நரம்பு மண்டலம் பற்றி ஆய்வேடு சமர்ப்பித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1921இல் சர்வதேச சங்கத்தின் அகதிகளுக்கான ஆணையாளர், 1922இல் நோபல் சமாதானப் பரிசு. நாடில்லாதவர்களுக்கு அவர் பெயரில்தான் ஒரு கடவுச்சீட்டு இருந்தது. பனிச்சறுக்கு, நரம்பியல், அகதி என்று மூன்றும் ஒரே ஆளில் வந்ததால், எங்கள் வாசிப்பு மேசைக்கு மேலே கொஞ்சக் காலம் அவருடைய படம் இருந்தது. மீசை பெரிது.

இப்போது ஒஸ்லோவில் இளையவர்களுக்கு விளையாட்டுப் பொருள்களை இலவசமாக இரவல் கொடுக்கும் நிலையங்கள் வந்துவிட்டன. நூர்மார்காவைக் கட்டடக்காரர் தொடாமல் இருக்க 2009இலிருந்து தனிச் சட்டமும் உண்டு. சொங்ஸ்வான் ரயிலுக்கு இன்று இலக்கம் 5. இந்தப் பாடசாலையிலிருந்து அங்கே படிக்க வரும் தங்கைமார், கிரிங்ஷோவில் இறங்காமல் இருந்தால் போதும். எங்கள் வீட்டு நிலவறையில் ஏழு சோடி ஸ்கீ இருக்கிறது. சப்பாத்துக்கள் பூட்டுகளோடு பொருந்தும், பார்த்து வைத்திருக்கிறோம். வருவதற்கு முன் கால் அளவை மட்டும் அறிவித்துவிடுங்கள்.