கைத்தொலைபேசியில் அழையா விருந்தாளிகள்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



"சமயமோ இலக்கியமோ எதைப் பற்றியாவது பேசு தம்பி" என்றுதான் செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கைத்தொலைபேசியில் வந்து விழும் வேண்டாத விளம்பரங்களைத் தடுப்பது பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னதும் அவர்கள் முகம் சற்றே சுருங்கிற்று. அவ்வேளையில் அவர்களுடைய சட்டைப்பைக்குள் "டிங்" என்று ஓர் ஒலி. எடுத்துப் பார்த்தார்கள். பீட்சா பாதி விலையாம். "சரி, பேசு" என்று உத்தரவு கிடைத்தது.

விளம்பரம் என்பது புதிய விஷயமன்று. நான் கல்வி பயின்றது ஒரு மிஷன் பாடசாலையிலே. துண்டுப் பிரசுரம் என்னும் கலையை இந்நாட்டில் பெருக வளர்த்தவர்கள் மிஷனரிமார் என்பதும், அதற்கு மறுமொழி கூற 1849 ஆம் ஆண்டளவில் ஆறுமுக நாவலர் அவர்கள் அச்சியந்திரம் வாங்கி நிறுவினார்கள் என்பதும் இச்சபையோருக்குத் தெரியாதனவல்ல. எவருடைய பிரசுரமாயினும், வேண்டாதவன் கையை நீட்டாமல் நடந்து போகலாம். வாங்கிவிட்டாலும் நட்டமில்லை, சுருட்டிக் கடலை கட்டிக்கொள்ளலாம். கைத்தொலைபேசி விளம்பரத்தில் கடலை கட்டவும் முடியாது, கையை நீட்டாமல் இருக்கவும் முடியாது. அது நாம் உறங்கும்போது தலைமாட்டுக்கே வந்து எழுப்புகிறது.

இப்படி எழுப்பிய முதலாவது விளம்பரம் 1864 ஆம் ஆண்டு லண்டனிலே வந்தது. அவ்வருஷம் மே மாதத்தில் ஓரிரவு, பாராளுமன்றப் பிரமுகர்கள் சிலரின் வீட்டுக் கதவைத் தந்திச் சேவகன் தட்டினான். தந்தியென்றால் சாவோ போரோ என்று பதறிய காலம் அது. உறையைக் கிழித்துப் பார்த்தால், கேப்ரியல் என்னும் பல்வைத்தியர் தமது வைத்தியசாலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று அறிவித்திருந்தார். கோபம் கொண்ட ஒருவர் "டைம்ஸ்" பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவருடைய கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது. அவசரச் செய்திக்கென்று வைத்த வழியில் பல்வைத்தியர் புகுந்துவிட்டாரானால், அடுத்த தந்திக்கு யார் பதறி எழுந்து கதவைத் திறப்பார்கள்?

இனி நமது நாட்டுக்கு வருவோம். தென்னாசியாவிலேயே முதன்முதலாகக் கைத்தொலைபேசிச் சேவை ஆரம்பமானது இலங்கையிலேதான். 1989 இல், செல்டெல் என்னும் கம்பனி. அந்நாளில் அது பணக்காரர் பொருள். இன்றோ கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் கொழுந்துக் கூடையோடு மலையேறும் தாய்மாரின் மடியிலும் ஒன்று இருக்கிறது. அவர்களிடத்தில் அது பட்டணத்தாரிடத்தில் இருப்பதைப் போன்றதன்று. ஏன் என்று சொல்கிறேன்.

கட்டுக்கலையில் வசிக்கும் ஒருவருக்குக் கடிதம் வந்தால் தபாற்காரர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். தோட்டத்து லயத்தில் வசிப்பவருக்கு அந்தப் பாக்கியம் பெரும்பாலும் கிட்டவில்லை. லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. தபால் தோட்டக் காரியாலயத்துக்குப் போகும். அங்கிருந்து யார் கையிலாவது ஏறி இறங்கி, கிடைத்தால் கிடைத்தது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து வந்த கதையும், வராமலே போன கதையும் மலையகத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத் தபாற்பெட்டி இல்லாதிருந்த நமது மக்களுக்கு முதன்முதல் வாய்த்த சொந்தத் தபாற்பெட்டி இந்தக் கைத்தொலைபேசி. யாருடைய கையையும் பாராமல் தன் பெயருக்குத் தானே செய்தி பெறும் வசதி அது. இதற்குள்ளே நாள் முழுவதும் குப்பையைக் கொட்டுகிறார்கள் என்பதே எனது மனக்குறை.

குப்பை கொட்டுவதோடு நின்றாலும் பரவாயில்லை. தோட்டத்தில் இருக்கும் என் அம்மாயி ஒருநாள், "என்னய்யா இது, நூறு ரூவாக்கு ரீலோட் போட்டா நாலு நாள்ல சல்லி காணாமப் போயிருது. நான் யாருக்கும் பேசவே இல்லையே" என்றார். வாங்கிப் பார்த்தேன். இராசிபலன் அனுப்பும் சேவையொன்றில் அவர் அங்கத்தவர்! நாளொன்றுக்குச் சில ரூபா வெட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் திடீரென்று எழுந்த ஒரு கட்டத்தில், அதை மூடுவதாக நினைத்து "ஓகே" என்பதை அழுத்தியிருக்கிறார். "அம்மாயி, இதை நிறுத்த அவர்களே வழி எழுதியிருக்கிறார்கள்" என்றேன். "எங்கய்யா எழுதியிருக்கு?" என்றார். எழுதியிருந்தது ஆங்கிலத்தில். தமிழே எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்கு ஆங்கிலத்தில் விடுதலைப் பத்திரம்! இராசிபலனும் ஆங்கில எழுத்தில்தான் வந்துகொண்டிருந்தது என்பது இதிலுள்ள வேடிக்கை. எந்தக் கம்பனி என்று இங்கே நான் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மாரில் பலர் தலையசைப்பதைப் பார்த்தால், சொல்ல வேண்டிய அவசியமும் இல்லையென்று தோன்றுகிறது.

ஏன் இவை தமிழில் வருவது அரிது? நமது மொழியை மதியாமை ஒரு காரணமாயிருக்கலாம். யந்திரக் காரணமும் ஒன்றுண்டு. குறுந்தகவல் ஒன்றில் ஆங்கில எழுத்தானால் 160 அடங்கும். தமிழ் எழுத்தோ சிங்கள எழுத்தோ ஒன்று கலந்துவிட்டாலும் 70 இடந்தான். அதிலும் "கொ" என்பது யந்திரக் கணக்கில் மெய்யும் குறியுமாக இரண்டு இடம் பிடிக்கும். ஐரோப்பாவிலே 1980 களில் இந்த அளவை வகுத்தவர்கள் தங்கள் எழுத்தை மனத்திற்கொண்டு வகுத்தார்கள். ஆகவே ஒரே செய்தியைத் தமிழில் அனுப்ப இரண்டு மூன்று தகவலின் செலவு ஆகிறது. விற்பனைக்காரன் செலவு பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். எச்சரிக்கை அனுப்புவோர் அப்படிப் பார்க்கலாகாது.

எச்சரிக்கை என்றதும் உங்கள் நினைவு எங்கே போகிறதென்று அறிவேன். 2025 நவம்பர் மாதக் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, நாட்டிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டங்களுள் நமது கண்டி மாவட்டமும் ஒன்று. மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக அறிவிக்கிறது. மஞ்சள் என்றால் கவனம். செம்மஞ்சள் என்றால் ஆயத்தம். சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டியது. அந்நாட்களில் தமிழிலே போதிய அறிவித்தல் வரவில்லையென்ற முறைப்பாடும் எழுந்தது. விளம்பரக்காரர் தலையில் அந்தப் பழியைப் போட நான் வரவில்லை. மின்சாரம் போயிற்று, தொலைபேசிக் கோபுரங்கள் வேலை செய்யவில்லை, பாதைகள் அற்றன. செய்தி புறப்பட்டிருந்தாலும் போய்ச் சேராத இடங்கள் பல.

ஆனால் செய்தி போய்ச் சேரும் நாளை எண்ணிப் பாருங்கள். நாளாந்தம் பத்துத் தடவை "டிங்" என்று ஒலித்து, பத்துத் தடவையும் கடனட்டையும் தள்ளுபடியும் "உமக்குப் பரிசு விழுந்தது" என்னும் பொய்யுமாக இருக்கக் கண்டவர், பதினொராவது ஒலிக்குத் திரும்பிப் பார்ப்பாரா? புலி வருது புலி வருது என்ற கதையில் பையன் ஒருவன்தான் பொய் சொன்னான். இங்கே ஊரெல்லாம் கூடிக் கத்துகிறது. என் அம்மாயி இப்போது எந்தக் குறுந்தகவலையும் திறப்பதில்லை. லயத்தில் அவரைப் போன்றவர் பலர். காதிருந்தும் கேளாதவராக அவர்களை ஆக்கிவிட்டார்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், இப்படிப்பட்ட தகவல்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பெறுபவரின் சம்மதம் வேண்டும், வேண்டாமென்று சொல்லும் வழி செலவின்றி இருக்க வேண்டும் என்பன அதன் சாரம். நல்ல சட்டந்தான். ஆனால் அமுலுக்கு வருவது தவணை தவணையாக நீண்டு, 2025 இல் திருத்தமும் செய்யப்பட்டது. அயல்நாடான இந்தியாவில் 1909 என்னும் இலக்கத்துக்கு ஒரு தகவல் அனுப்பினால் விற்பனை அழைப்பும் தகவலும் நிற்க வேண்டுமென்ற ஒழுங்கு 2011 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அங்கேயும் தொல்லை முற்றாக ஒழிந்துவிடவில்லை. பதிவு செய்யாத சாதாரண இலக்கங்களில் இருந்து அழைக்கத் தொடங்கினார்கள். எனினும் நாட்டுக்கு ஒரே இலக்கம், எல்லாக் கம்பனிக்கும் பொது என்பது படியாதவர்க்கும் விளங்கும் ஏற்பாடு. இங்கே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900 என்னும் முறைப்பாட்டு இலக்கம் உண்டு. நமது சங்கம் ஒரு மகஜர் எழுதுமானால், "வேண்டாம் என்று சொல்ல ஒரே இலக்கம், அதுவும் மூன்று மொழியிலும்" என்று கேட்கலாம் என்பது எனது பணிவான விண்ணப்பம்.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குறுந்தகவலாக வருவதை, அத்தகவலின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் தோன்றும் தடை என்னும் கட்டளையால் நிறுத்தலாம். அனுப்புபவர் ஒவ்வொருவராகத் தடுக்க வேண்டும், பொறுமை வேண்டும். பெட்டியின் அறிவித்தல் ஒலியையே முழுவதும் அணைத்துவிடும் வழக்கம் நமது இளைஞரிடையே இருக்கிறது. தயவுசெய்து பெற்றோருடைய கருவியில் அப்படிச் செய்யாதீர்கள். குப்பையோடு எச்சரிக்கையும் போய்விடும்.

திரையில் எந்நேரமும் முளைக்கும் விளம்பரங்களுள் பல, ஏதோ ஓர் இணையத்தளம் "அறிவித்தல் அனுப்பலாமா?" என்று கேட்டபோது நாம் "ஆம்" என்று அழுத்தியதன் விளைவு. குரோம் உலாவியின் அமைப்புக்குள் சென்று அந்த அனுமதியைப் பறித்துவிட்டால் அடங்கிவிடும். சில கருவிகளில், டார்ச் லைட் என்றும் "போனைச் சுத்தமாக்கும் செயலி" என்றும் சொல்லி உள்ளே வந்தவையே அழுக்கைக் கொண்டுவருகின்றன. அவற்றை அகற்றுவதே வைத்தியம்.

உலாவியில் பக்கம் வாசிக்கையில் வரும் விளம்பரம் வேறு வகை. பயர்பொக்ஸ் உலாவியில் யூபுளொக் ஒரிஜின் என்னும் இலவச இணைப்பைச் சேர்த்தால் அது வாசலிலேயே மறித்துவிடும். கைத்தொலைபேசிக் குரோமில் இத்தகைய இணைப்பைச் சாதாரணமாகச் சேர்க்க இடமில்லை. குரோமைச் செய்யும் கூகிள் கம்பனிக்கு 2023 இல் வந்த வருமானத்தில் முக்காற் பங்குக்கு மேல் விளம்பரத்தால் வந்தது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஐபோன் வைத்திருப்போருக்கு 2015 முதல் சபாரி உலாவியில் தடுப்புச் செயலிகளைச் சேர்க்கும் வசதி உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த வழி இன்னொன்று. அன்ட்ரொயிட் ஒன்பதாம் பதிப்பு முதல், அதாவது 2018 முதல், அமைப்பில் பிரைவேட் டி.என்.எஸ். என்று ஓர் இடம் இருக்கிறது. கைத்தொலைபேசி எந்தத் தளத்துக்குப் போவதானாலும் முதலில் "இன்னார் வீடு எங்கே?" என்று ஒருவரைக் கேட்டுத்தான் போகும். கேட்கும் ஆளை மாற்றி, விளம்பரக்காரர் வீட்டை விசாரித்தால் மட்டும் "அப்படியொரு வீடே இல்லை" என்று விடை சொல்லும் ஆளை வைத்துவிடலாம். அட்கார்ட் என்னும் நிறுவனம் இதை இலவசமாகச் செய்கிறது. ஒரு தடவை எழுதிவிட்டால் பல செயலிகளுக்குள் வரும் விளம்பரமும் நின்றுவிடும், டேட்டாவும் மிச்சம். யூடியூப் விளம்பரம் மாத்திரம் இதற்கு மசியாது. படமும் விளம்பரமும் ஒரே வீட்டில் குடியிருப்பதால் ஒன்றை மறித்தால் மற்றதும் நின்றுவிடும்.

விளம்பரத்தை எல்லாரும் மறித்துவிட்டால் இலவசமாக வாசிக்கும் பத்திரிகைகள் எதைத் தின்று வாழும் என்று எனது நண்பர் ஒருவர் வாதிட்டார். நியாயமான கேள்வி. நமது ஆண்டு மலரே நகரத்து வர்த்தகப் பெருமக்களின் விளம்பரத்தால் வெளிவருவது. அவர்களை நான் பகைத்துக்கொள்ள மாட்டேன். அந்த விளம்பரம் தன் பக்கத்தில் அடக்கமாக இருக்கிறது. நம்மைத் தொடர்ந்து வந்து, எங்கே போகிறோம், என்ன பார்க்கிறோம் என்று குறிப்பெடுப்பதில்லை. அம்மாயியின் நூறு ரூபாவில் கை வைப்பதுமில்லை. நல்ல தமிழ்த் தளம் ஒன்றை நீங்கள் விரும்பி வாசித்தால், அதற்கு மட்டும் தடையை நீக்கிவிடலாம். அதற்கும் யூபுளொக்கில் ஒரு பொத்தான் இருக்கிறது.

மண்டபத்தின் பின்வரிசையில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். பல்கலைக்கழக நண்பர்கள் மூவர் அங்கே இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் கைத்தொலைபேசியைக் கொண்டு வாருங்கள். அட்கார்டின் முகவரியை ஆங்கில எழுத்தில் எழுதியும் தருவார்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தையும் உங்கள் பெயர்ப் பட்டியலில் தமிழிலே பதிந்து கொடுப்பார்கள். கடவு இலக்கத்தை மட்டும் நீங்களே அழுத்துங்கள்; எங்களிடமும் சொல்ல வேண்டாம்.